மேலிருந்து இரண்டாவது பட்டன்

சாவு வீட்டில் ஊசி எடுக்கக் கூடாது என்று திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் சொல்வது சிந்தாமணிக்குக் கேட்டது. சொல்லட்டும். அவள் நூல் முனையை நாக்கில் நனைத்து, பல்லால் நசுக்கி, ஊசியை அடுக்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஒரு காது தெரிந்தது, அதை ஒட்டி இன்னொரு காதும் தெரிந்தது, நூல் இரண்டுக்கும் நடுவே காற்றில் போயிற்று. கண்ணாடியை எங்கே வைத்தோம். நேற்று சாயங்காலம் ஆட்டோவில் ஏறும்போது மூக்கில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டர் வெளியே வந்து நின்றாரே, அவர் மோவாயில் ஒரு மச்சம் இருந்ததே, அதைப் பார்த்தபோதும் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இல்லை. போகட்டும். மடியில் கோட்டு கனத்தது. சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் கயிறு, நெஞ்சில் மேலிருந்து கீழாக எட்டுப் பித்தளைப் பட்டன், இப்போது ஏழு. மேலிருந்து இரண்டாவது இருந்த இடத்தில் துணி பிய்ந்து உள்ளே இருக்கும் வெள்ளைக் கேன்வாஸ் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் தனுஷ்கோடி செல்லூர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம், சாவு எல்லாவற்றுக்கும் இந்த மாதிரிக் கோட்டுதான், இது மூன்றாவதோ நாலாவதோ. அந்த மனுஷன் இப்போது வாசல் பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார். அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அண்ணன் காசிலிங்கம் உட்கார்ந்திருக்கிறார், ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேன் கொண்டுவந்திருக்கிறார். "சிவப்பு நூல் இல்லடி, கறுப்புதான் இருந்துச்சு," என்றாள் பக்கத்து வீட்டு ரமீஜா, திரையைப் பிடித்துக்கொண்டு காவல் மாதிரி நின்றபடி. "கறுப்பே போதும்க்கா." "நான் கோத்துத் தரவா?" "வேணாம்." நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ நூல் உள்ளே போயிற்று. போனது கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. இரண்டு இழையாக்கி முனையில் முடிச்சுப் போட்டாள். அவசரத்தில் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று இன்னொன்றும் போட்டாள்.

பட்டன் சவரிமுத்து கொடுத்தது. செட்டில் பெரிய டிரம் அடிக்கிறவன், ஆள்தான் மலை மாதிரி, விடியற்காலையில் வந்து ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவனிடம்தான் கேட்டாள், தம்பி, அந்த ஆட்டோக்காரன் எங்கன நிப்பான், அவுக பட்டன் ஒண்ணு அதுலதான் விழுந்துருக்கும் என்று. அவன் போய் ஸ்டாண்டு முழுக்கத் தேடிவிட்டுத் திரும்பி வந்தான். வந்து, சுவரைப் பார்க்கத் திரும்பி நின்று, பிளேடை எடுத்துத் தன் கோட்டிலேயே கடைசிப் பட்டனை அறுத்து அவள் கையில் வைத்தான். "வயித்துக்கிட்ட உள்ளது மதினி. டிரம்மு மறைச்சிரும்." அதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான், அவள் அழவில்லை. அவள் அழாததைத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது, அது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து மூன்று பேர் அவளைக் கட்டிப்பிடித்து, அழுதுரு தாயி, அழுதுரு என்று உலுக்கிப் பார்த்தார்கள். அழுகை என்ன, குழாயில் வருகிற தண்ணியா, திறந்தவுடன் கொட்ட. ஊசியைத் துணியில் குத்தினாள். மேல் துணியில் இறங்கியது, கேன்வாஸில் நின்றுவிட்டது. அழுத்தினாள், ஊசி வளைந்தது. ஒடிந்தால் வேறு ஊசி இல்லை, சாவு வீட்டுக்கு ஊசி கொடுக்க ரமீஜாவைத் தவிர யாருக்கும் மனசு வராது. டம்ளரைக் கவிழ்த்து அதன் அடியால் ஊசியின் பின்பக்கத்தைத் தள்ளினாள், ஊசி ஒரு இழுப்பில் சறுக்கி உள்பக்கம் வந்து கட்டை விரலில் ஏறியது. வலித்தது. நேற்றிலிருந்து முதன்முதலாக உடம்பில் ஏதோ ஒன்று சரியான இடத்தில் வலித்தது. ரத்தத்தைக் கோட்டிலேயே துடைத்தாள், சிவப்பில் தெரியாது. பட்டனுக்குப் பின்னால் சின்ன வளையம், அதற்குள் ஊசியை விட்டு, திரும்பத் துணிக்குள் குத்தி, டம்ளர் அடியால் தள்ளி, இழுத்து. ஒன்று. திரும்ப வளையம், திரும்பத் துணி, திரும்ப டம்ளர். இரண்டு. எத்தனை தையல் போட்டால் இது பிய்யாது? பிய்த்தது யார்? அவர்தான் பிய்த்தார், ஆட்டோவில் ஏறுகிற வரைக்கும் இழுத்து இழுத்து. நேற்று நாலரைக்கு ஊர்வலம் முடிந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "சிந்தா, இதைக் கழத்து, மூச்சு முட்டுது" என்றார். அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இருங்க, இழுக்காதீங்க, பட்டன் பிஞ்சிரும்" என்றாள்.

பட்டன் பிஞ்சிரும். அவர் காதில் விழுந்த கடைசி வார்த்தை அது. அதற்குப் பிறகு ஆட்டோவில் என்னென்னவோ கத்தினாள், என்னங்க என்றாள், இங்க பாருங்க என்றாள், ஒரு நாளும் வாயால் சொல்லாத அவர் பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிட்டாள், ஆனால் அப்போது அவர் கண் ஆட்டோவின் கூரையைத் தாண்டி எங்கோ போய்விட்டது, எதுவும் கேட்டிருக்காது. இருபத்தாறு வருஷம் பேசிப் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, விளக்கை அணைத்த பிறகும் பேசி, கடைசியில் மிஞ்சியது பட்டன் பிஞ்சிரும். பாலை விட்டுவிட்டு வந்திருந்தால். பொங்கினால் பொங்கட்டும் என்று வந்து அந்தப் பட்டனைக் கழற்றியிருந்தால். ஐந்து நிமிஷம் முன்னால் ஆட்டோ பிடித்திருந்தால். மூன்று. துணியில் ஊசி திரும்பவும் மாட்டிக்கொண்டது, அதே இடத்தில், அந்தக் கேன்வாஸ் மடிப்பில், மனசு மாட்டிக்கொள்கிற மாதிரியே, தள்ளினால் போகாமல், இழுத்தால் வராமல். கொஞ்சம் சாய்த்துத் தள்ளினாள், போயிற்று. இல்லை, அப்படி இல்லை. பத்தொன்பது வருஷமாக அவள் ஆஸ்பத்திரி ஆயா. எத்தனை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். யார் கடைசியாக என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாதா. அந்த ஃபேனைக் குறை. சாவியை மாடத்துல வச்சியா. கஞ்சி ஆறிப்போச்சு, சுட வச்சுத் தரட்டா. ஒருத்தரும் வசனம் பேசிவிட்டுச் சாகவில்லை. கூட வாழ்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், பட்டன் பிஞ்சிரும் என்று சொல்ல ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்திருக்கிறாரே பெரிய மனுஷன், அவர் தம்பியிடம் கடைசியாகப் பேசியது என்ன? போடா வெளியே. அதைவிட என்னுடையது மோசமில்லை. நாலு. நாலாவது தையலை இழுத்தபோது நூல் கிரீச்சென்று சத்தம் போட்டது.

"இந்தாம்மா, நேரமாகுது," என்றது வாசலிலிருந்து காசிலிங்கத்தின் குரல். ரமீஜா திரையை விட்டு நகராமல், "உடுப்பு தச்சுக்கிட்டு இருக்காக, வருவாக," என்றாள். காலை ஏழு மணிக்கு வெள்ளை வேன் வந்து நின்றது, மானாமதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காசிலிங்கமும் இன்னும் நாலு ஆம்பளைகளும் இறங்கினார்கள். இந்த வீட்டுப் படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. புருஷனுடைய அண்ணன்தான், அதற்கு ஒரு வார்த்தை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் சாதி பார்த்து அவளை வேண்டாம் என்றவர்களிடம் அந்த வார்த்தை அவள் வாயில் புழங்கவே இல்லை. கும்பிட்டாள். அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சுவரில் ஆணியில் தொங்கின கிளாரினெட் பெட்டியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனது ஆச்சும்மா. எங்க வீட்டுப் பிள்ளை, எங்க மண்ணுக்குத்தான் வரணும். அப்பா, ஆத்தா வெந்த இடத்துலதான் வேகணும். கொள்ளி வைக்க எம் மகன் இருக்கான், உனக்குத்தான் புள்ள குட்டி இல்லியே. பட்டு வேட்டி, சட்டை எடுத்தாந்துருக்கு, அந்தச் செவப்பு வேசமெல்லாம் வேணாம். நீயும் வேணா வண்டியில வா." நீயும் வேணா. அவள் தலையை ஆட்டினாளா, சும்மா நின்றாளா, ஞாபகமில்லை. நீயும் வேணா. வேணுமானால். விருப்பப்பட்டால். இடம் இருந்தால். வேனில் பின்னால், ஓரமாக, அவர் கால்மாட்டில். ஊர் எல்லையில் இறக்கிவிடுவார்கள். பொம்பளைகள் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத பொம்பளையாக ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார வைப்பார்கள். யாரோ ஒரு கிழவி வந்து வளையலை உடைப்பாள். பிறகு மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், ஒரு ஜன்னல் சீட்டில் அவள் தனியாக மதுரைக்குத் திரும்பி வருவாள், கையில் ஒன்றும் இருக்காது. இதில் அவளுக்குப் பெரிய பயம் அவர்கள் இல்லை, அவளுடைய வாய்தான். பத்தொன்பது வருஷமாக எதற்கெடுத்தாலும் சரி டாக்டர், சரி சிஸ்டர், சரிங்கம்மா என்று பழகின வாய். ராத்திரி முழுக்கத் தூங்காத உடம்பு. இன்னொரு தடவை அந்தக் குரல் கேட்டால் சரிங்க என்று தானாக வந்துவிடுமோ. அதனால்தான் உள்ளே வந்தாள், திரையை இழுத்துவிட்டாள், கோட்டை மடியில் போட்டுக்கொண்டாள். கையில் ஊசி இருக்கிற வரைக்கும் யாரும் பதில் கேட்க முடியாது.

செவப்பு வேசம். ஐந்து. இந்த வேசம் போட்டுக்கொண்டு வந்தவரைத்தான் அவள் முதலில் பார்த்தாள், மண்டபத்தின் பின்கட்டில், பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஊதிவிட்டு வந்த செட்டை, பந்தி முடியட்டும், கடைசியா பாத்துக்கலாம் என்று உட்கார வைத்திருந்தார்கள். அப்போது அவள் சமையல்காரருக்குக் கையாளாக இருந்தவள், வயது இருபத்து மூன்று. எட்டு இலையை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டுத் தரையிலேயே போட்டாள். ஏய், யாரைக் கேட்டுப் போடுறே என்றார் சமையல் மேஸ்திரி. ஊதுன வாய்க்கு முதல்ல சோறு போடுங்க, உக்காந்திருந்த வாய் காத்திருக்கட்டும் என்றாள். அந்த வாய் எங்கே போயிற்று? அதே வாய்தானே இது? எட்டு இலையில் ஏழு பேர் குனிந்து சாப்பிட்டார்கள், ஒருத்தர் மட்டும் சாப்பிடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேர்வையில் சாயம் ஊறிக் கழுத்தெல்லாம் சிவந்து கிடந்தது. ரசம் வேணுமா என்று கேட்டாள். உங்க பேரு வேணும் என்றார். அதற்கப்புறம் அவர் ஊர் கொதித்தது, வீடு கொதித்தது, பேண்டுக்காரனாகப் போனது ஒரு மானக்கேடு, எவளையோ கூட்டிக்கொண்டு வந்தது இன்னொரு மானக்கேடு, அவருடைய ஆத்தா மட்டும் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்த ஆத்தா செத்த அன்றைக்கு இரண்டு பேரும் போனார்கள். ஊர் முகப்பில் பஸ் ஸ்டாப்பிலேயே ஆள் நிறுத்தி வைத்திருந்தார் காசிலிங்கம். வந்தா தனியா வா, அவளோட வராதே, வர்றதுன்னா ஊதுறவன்னு யார்கிட்டயும் சொல்லாதே என்று அந்த ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தார். அவர் போகவில்லை. அந்த பஸ் ஸ்டாப்பின் சிமெண்டுப் பெஞ்சில் மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குள்ளிருந்து பேண்டு சத்தம் வந்தது. பிறகு கண்மாய்க்கு அந்தப் பக்கம் புகை எழும்பியது, அவர் எழுந்து நின்று கும்பிட்டார், பஸ் வந்தது, ஏறினார்கள். திருப்புவனம் தாண்டின பிறகுதான் பேசினார். "ஆத்தாளுக்கு எங்கிருந்தோ செட்டு புடிச்சிருக்காய்ங்க சிந்தா. கிளாரினெட்டு சுதியே சேரல." அவ்வளவுதான். அந்த ஊர் மண்ணுக்கா இவரைக் கொண்டுபோவது. ஆறு. உயிரோடு இருந்தபோது பஸ் ஸ்டாப்போடு நிறுத்தினவர்களுக்கு இப்போது மட்டும் எதற்கு இந்த உடம்பு. பட்டு வேட்டியைச் சுற்றிவிட்டால் ஊதினது, உழைத்தது, அவளோடு இருந்தது எல்லாம் மூடிப்போகும், நல்ல வீட்டுப் பிள்ளை வெளியூரில் இருந்தது, செத்துப்போனது என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். சொல்ல விடமாட்டேன். அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றது, ஆனால் அதற்கு எடை இருந்தது, நாக்கில் வைத்துப் பார்த்தாள், பழைய நாக்குதான், இருபத்து மூன்று வயசு நாக்கு.

ஏழு. நூலைப் பட்டனுக்கும் துணிக்கும் நடுவே சுற்றினாள், ஒரு சுற்று, இரண்டு, மூன்று, இறுக்கி. உள்பக்கம் குத்தி எடுத்து வளையம் போட்டு முடிச்சு, மேலே இன்னொரு முடிச்சு. பட்டனைப் பிடித்து, நேற்று அவர் இழுத்த மாதிரியே, முழு பலத்தோடு இழுத்தாள். வரவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். கோட்டில் அவர் வேர்வை வாசனை இருந்தது, பீடியும் பவுடரும் கலந்து. முகத்தை அதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திருப்பாள், ரமீஜா தோளைத் தொட்டு, "குளிப்பாட்டியாச்சு சிந்தா, உன்னையத்தான் கேக்குறாக," என்றாள். "என்னத்துக்கு?" "கிளம்பலாமான்னு." சிந்தாமணி எழுந்தாள். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு திரையை ஒதுக்கினாள்.

வெயில் பந்தல் ஓலை வழியாகக் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. தெரு முனையில் செட்டு ஆட்கள் ஏழு பேரும் சிவப்புக் கோட்டில் நின்றார்கள். அவர் பெஞ்சில் கிடந்தார், தலை ஈரமாக, இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டு. காசிலிங்கம் பட்டு வேட்டியைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார்.

"என்னம்மா அது?" என்றார்.

"அவுக உடுப்பு."

"அதான் பட்டு இருக்குன்னு சொன்னேன்ல."

"பட்டை நீங்க கொண்டு போயிருங்க. அவுக இதைப் போட்டுத்தான் போவாக." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, வார்டில் யாருக்கோ மாத்திரை நேரம் சொல்வது போல. "போறது தத்தனேரி சுடுகாட்டுக்கு. உங்க வேன் வேணாம்."

கூட வந்தவர்களில் ஒருத்தர் எழுந்தார். "கொள்ளி யாரு வைக்கிறது?"

"நான் வைப்பேன்."

"பொம்பள சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் எங்கயாச்சும் உண்டா?"

"இருபத்தாறு வருசம் அவுக போன எடத்துக்கெல்லாம் போயிருக்கேன். இதுக்கு மட்டும் வீட்டுல இருக்க முடியாது."

காசிலிங்கம் வேட்டியை மடித்தார், திரும்பப் பிரித்தார். "சொந்தம்னு ஒண்ணு இருக்குல்லம்மா," என்றார், கோபமாக இல்லை.

"இருந்திருந்தா ஆத்தா செத்தன்னைக்கு அவுகளைப் பஸ் ஸ்டாப்புல உக்கார வச்சிருக்க மாட்டீக."

கூட வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், காசிலிங்கம் கையைக் காட்டி உட்கார வைத்தார். தெருவில் யாரோ ஒரு மொபெட்டைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போனார்கள்.

சிந்தாமணி குனிந்து வேலையைத் தொடங்கினாள். உடம்பு விறைத்திருந்தது. அவளுக்கு இது தெரிந்த வேலை. முதலில் தோளை உள்ளங்கையால் தேய்த்து, பிறகு முழங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, அவசரப்படாமல். இடது கை, தெரு முனையிலிருந்து வந்துவிட்ட சவரிமுத்து பிடித்துக்கொள்ள, உள்ளே போயிற்று. கோட்டை முதுகுக்கு அடியில் தள்ளி இந்தப் பக்கம் எடுத்தாள். வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது. கிளாரினெட் பிடித்த மாதிரியே மடங்கி, நீளவும் இல்லை, வளையவும் இல்லை. தேய்த்தாள். திரும்பவும் நுழைத்துப் பார்த்தாள். இதற்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும், தலைமாட்டிலிருந்து தூக்கிப் பிடிக்க. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இந்தாங்க. தோளைத் தூக்கிப் பிடிங்க."

யாரைச் சொல்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். காசிலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. பட்டு வேட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். தலைமாட்டில் மண்டியிட்டு, தம்பியின் இரண்டு தோளுக்கும் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். தூக்கத் தெரியவில்லை, தலை தொங்கியது, தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். தலையிலிருந்த ஈரம் அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. "இப்படியே இருங்க," என்றாள். இருந்தார். கை மெல்ல உள்ளே போயிற்று.

அவள் பட்டன் போடத் தொடங்கினாள், கீழிருந்து மேலாக. ஒவ்வொன்றும் அதன் காஜாவில் விழுந்தது. கடைசிப் பட்டன் போட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, சத்தமாக வந்தது. வந்ததை அவள் மறைக்கவும் இல்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. அழுதுகொண்டே தோள் கயிற்றைச் சரிசெய்தாள், தலையைச் சீவிவிட்டாள்.

தெரு முனையிலிருந்து செட்டு நடந்து வந்து வாசலில் வரிசை கட்டியது. சவரிமுத்து போய் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டான். வேன் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டான்.

காசிலிங்கம் இன்னும் தலைமாட்டிலேயே நின்றார். சட்டையில் ஈரம் பெரிய வட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தது. கூட வந்தவர்கள் காதில் விழாத குரலில் கேட்டார்.

"நான் வரலாமாம்மா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"முன்னால செட்டு போகும். அதுக்குப் பின்னால அவுக, அவுகளை ஒட்டி நான். எனக்குப் பின்னால ரோடு அகலமாத்தான் கெடக்கு," என்றாள். "வாங்க."